கோடைத் தொடக்கத்தில் கடற்கரைக்கு ஒரு நாள்: காலையில் கடல், மாலையில் நகரம்

வெயில் ஏறத் தொடங்கி, நகரத்துத் திடல்களில் இசை நிகழ்ச்சிக்கும் வார இறுதிச் சந்தைக்கும் பந்தல் கால் நடும் நாட்களில் கடலுக்குப் போகும் ஆசையும் கூடவே கிளம்பிவிடும். அந்த முதல் சில வாரங்களில் வெயில் மட்டும்தான் வந்திருக்கும். கடல்நீர் இன்னும் சூடேறியிருக்காது. உடம்பு வெப்பத்துக்குப் பழகியிருக்காது. பல கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் சனி, ஞாயிறு மட்டும்தான் நிற்பார்கள். கடைசியாக நீந்தி ஏழெட்டு மாதம்கூட ஆகியிருக்கும். இந்தப் பயணங்களில் தவறிப்போவதில் பெரும்பகுதி இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது. அதனால் எங்கே போவது என்று யோசிப்பதற்கு முன்னால் எந்த நேரத்தில் எதைச் செய்வது என்று யோசித்துவிட வேண்டும்.

காலையில் கடல், உச்சி வெயிலில் நிழல், மாலையில் நகரத்து நிகழ்ச்சி. இந்த வரிசைக்குக் காற்று, வெயில், சாலை என்று மூன்று காரணங்கள் இருக்கின்றன.

கடிகாரமும் காற்றும்

ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், ஒரு கிலோ உலர்ந்த மணலுக்குத் தேவைப்படுவதைப்போல ஏறக்குறைய 5 மடங்கு. அதனால் மணல் காலை 10 மணிக்கே கொதிக்கும், கடலோ வாரக்கணக்கில் மெதுவாகச் சூடேறும். கோடைத் தொடக்கத்தில் நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள இந்த வேறுபாடு பெரிதாக இருப்பதால் பகலில் கடல்காற்று வலுவாக வீசும். பெரும்பாலான கரைகளில் முற்பகலில் தொடங்கி, பிற்பகல் நடுவில் உச்சத்தைத் தொட்டு, பொழுது சாயும்போது அடங்கும். குழந்தைகளோடு தண்ணீரில் இறங்க ஏற்ற நேரம் இந்தக் காற்று எழும்புவதற்கு முன்னால் உள்ள இரண்டு மூன்று மணி நேரம். காற்று எழுந்த பிறகு நீர்ப்பரப்பு குறுகிய, ஒழுங்கற்ற அலைகளாகக் கலங்கிவிடும். கலங்கிய நீரில் அடி தெரியாது, நீந்துகிறவரின் தலையும் கரையிலிருந்து சரியாகத் தெரியாது.

அதிகாலைக்கும் ஓர் ஆபத்து உண்டு. அப்போது நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். நீர் கண்ணாடிபோல அமைதியாகத் தெரியும், காற்று வீசுவதே புலப்படாது. காற்றடைத்த மிதவை, மெத்தை, வாத்து வடிவ வளையம் போன்றவற்றை இந்தக் காற்று சத்தமில்லாமல் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும். அவை நீரின் மேலேயே இருப்பதால் பாய்மரம்போலக் காற்றை வாங்குகின்றன. மிதவையைப் பிடிக்க நீந்திப் போகிறவர் சோர்வார், மிதவை சோர்வதில்லை. அது போனால் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும். குழந்தை அதில் இருந்தால், குழந்தை மிதவையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பெரியவர் உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். காற்றடைத்த எதையும் திறந்த கடலுக்குக் கொண்டுபோகாமல் இருப்பதே சரி. அவை நீச்சல் குளத்துக்காகச் செய்யப்பட்டவை.

சாலையில் சூரியன் எந்தப் பக்கம் இருக்கும் என்பதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். கடற்கரை நகரத்துக்குக் கிழக்கே இருந்தால், காலையில் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் சூரியன் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே இருக்கும். மேற்கே இருந்தால் இரண்டு பயணத்திலும் அது முதுகுப் பக்கம். கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் முன்கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். உப்புக்காற்றில் படிந்த மெல்லிய படலம் சாதாரண நேரத்தில் தெரியாது, எதிர்வெயிலில் சாலையையே மறைத்துவிடும்.

கூட்டத்தின் போக்கும் கரைக்குக் கரை மாறும். மேற்கு நோக்கிய கரையில் சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க எல்லோரும் காத்திருந்து, மறைந்ததும் ஒரே நேரத்தில் வண்டியை எடுப்பார்கள். சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே கிளம்புங்கள். முடியாவிட்டால் மறைந்த பிறகு ஒன்றரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுக் கிளம்புங்கள். நடுவில் கிளம்புகிறவர்கள் குழந்தைகளை வைத்துக்கொண்டு நெரிசலில் நிற்பார்கள். கிழக்குக் கரையில் பிற்பகலிலேயே கட்டடங்களின், மரங்களின் நிழல் மணல்மீது நீளத் தொடங்கும். கூட்டம் சிறிது சிறிதாகக் கலையும், நெரிசல் குறைவு.

வெப்பமும் புற ஊதாக் கதிரும்

வெயில் சுட்டால்தான் தோல் கருகும் என்ற எண்ணம் கோடைத் தொடக்கத்தில் பலரை ஏமாற்றுகிறது. தோலை எரிப்பது புற ஊதாக் கதிர். அதன் வலிமை சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது, காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது அல்ல. நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் நாடுகளில் ஆண்டின் மிக நீண்ட பகலை ஒட்டிய வாரங்களில் சூரியன் உச்சத்தில் இருக்கும். வெப்பம் உச்சத்துக்கு வர அதன் பிறகும் நாள் பிடிக்கும். ஆகவே குளுகுளுவென்று காற்று வீசும் 24 டிகிரி நாளில்கூடத் தோல் வெந்துபோகலாம். கருவி எதுவும் தேவையில்லை. உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது. வானிலைச் செயலியில் புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. 8-ஐத் தொட்டால் நடுப்பகலில் வெளியே நிற்காமல் இருப்பது நல்லது. மெல்லிய மேகம் இந்தக் கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. உலர்ந்த மணல் சுமார் 15 விழுக்காட்டையும் அலை நுரை சுமார் 25 விழுக்காட்டையும் திருப்பி நம்மேலேயே வீசுகின்றன.

சன்ஸ்கிரீனில் நடக்கும் தவறு பெரும்பாலும் அளவில்தான். குப்பியில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப், அதாவது வெயில் காப்பின் அளவைக் காட்டும் எண், தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசி அளக்கப்பட்டது. வயதுவந்த ஒருவரின் உடல் முழுவதற்கும் 30 முதல் 35 மி.லி. ஆகும். பெரும்பாலோர் அதில் பாதியோ அதற்கும் குறைவோதான் தடவுகிறார்கள். எஸ்பிஎஃப் 50 வாங்கிவிட்டோம் என்ற தைரியத்தோடு, கிடைப்பதோ அதில் சிறு பங்கு. 200 மி.லி. குப்பி ஒன்று நான்கு பேருக்கு ஒன்றரை முறைதான் வரும். நீளக்கை சட்டையும் தொப்பியும் போட்டால் பூச வேண்டிய பரப்பு பாதியாகக் குறையும். குப்பியும் மிச்சம், பாதுகாப்பும் உறுதி. முகம், கழுத்துக்கு ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் இரண்டு கோடு பிழிந்தால் அளவு சரியாக இருக்கும். வெயிலில் இறங்க 15–20 நிமிடத்துக்கு முன், வீட்டிலேயே அல்லது வண்டியிலேயே பூசிவிடுங்கள். மணல் ஒட்டிய கையால் கரையில் நின்று பூசினால் பாதி இடம் விடுபடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீந்தித் துடைத்த ஒவ்வொரு முறையும் மறுபடி பூச வேண்டும். மறந்துபோகும் இடங்கள்: காதின் மேல் விளிம்பு, பாதத்தின் மேற்புறம், முழங்காலின் பின்பக்கம், வகிடு.

குடை நிழலை மட்டும் நம்பக் கூடாது. 2017-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மூன்றரை மணி நேரம் கடற்கரைக் குடைக்கடியில் மட்டும் இருந்தவர்களில் 78 விழுக்காட்டினருக்குத் தோல் எரிந்திருந்தது. நேரடி வெயிலை மறைத்தாலும், வானத்திலிருந்து சிதறியும் மணலிலிருந்து தெறித்தும் வரும் கதிரைக் குடை மறைப்பதில்லை.

குடை நடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. பிற்பகல் காற்றில் பிடுங்கிக்கொண்டு பறக்கும் குடையின் கூர்முனை ஆளைக் குத்தும். மேல் மணலை விலக்கி ஈர மணல் வரும்வரை தோண்டி, கம்பை முன்னும் பின்னும் ஆட்டியபடி குறைந்தது 60 சென்டிமீட்டர் இறக்க வேண்டும். குடையின் உச்சியைக் காற்று வரும் திசைக்குச் சாய்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் குடைக்குள் காற்று புகுந்து தூக்கும். அடியில் மணலைக் குவித்து மிதித்து, ஈர மணல் நிரப்பிய ஒரு பையைக் கம்போடு கட்டிவிடுங்கள். காலையில் காற்று எதிர்த்திசையில் இருந்திருக்கும் என்பதால், கடல்காற்று எழுந்ததும் ஒருமுறை குடையைத் திருப்பி நட வேண்டும். இதை மறப்பதால்தான் பிற்பகலில் குடைகள் கரையெங்கும் உருள்கின்றன.

தண்ணீரில் இறங்குமுன் பத்து நிமிடம்

வந்ததும் ஓடிப்போய் இறங்காமல், கொஞ்சம் உயரமான இடத்தில் நின்று பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். அலைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. சிறு அலைகள் வரும் இடைவேளையில் பார்த்துவிட்டு இறங்கினால், பெரிய கூட்டம் வரும்போது இடுப்பளவு நீரில் நிற்பீர்கள். பாறைமேல் ஏறி நிற்க நினைப்பவர்கள் இன்னும் கூடுதலாக, 15–20 நிமிடமாவது பார்க்க வேண்டும். பாறை ஈரமாக இருக்கிறது என்றால் அலை அங்கே வந்து போயிருக்கிறது என்று பொருள்.

அந்தப் பத்து நிமிடத்தில் தேட வேண்டியது இழுப்பு. ரிப் கரண்ட் என்று சொல்கிறார்களே, அதுதான். அலைகள் கரைக்குக் கொண்டுவரும் நீர் எங்காவது வழி பிடித்துக் கடலுக்குத் திரும்ப வேண்டும். மணல்மேடுகளுக்கிடையே ஆழமான வாய்க்கால் கிடைத்தால் அதன் வழியே ஒடுங்கி ஓடும். ஆழமான இடத்தில் அலை உடையாது என்பதால் அந்த வாய்க்கால் அமைதியாக, கருமையாகத் தெரியும். இருபக்கமும் வெள்ளை நுரை, நடுவில் அமைதியான ஒரு பாதை. குழந்தைகளை இறக்க அதுதான் நல்ல இடம் என்று தோன்றும். அங்கேதான் இறக்கக் கூடாது. நுரையோ மிதக்கும் குப்பையோ கடலை நோக்கி நகர்வதும், நீர் மணல் கலங்கி நிறம் மாறி வெளியே நீள்வதும் மற்ற அடையாளங்கள். பாறை, கப்பல்துறைச் சுவர், பாலத் தூண் ஆகியவற்றின் ஓரத்தில் இழுப்பு நிரந்தரமாகவே இருக்கும்.

இதன் வேகம் பெரும்பாலும் விநாடிக்கு அரை மீட்டரை ஒட்டி இருக்கும். சில வேளைகளில் 2 மீட்டரையும் தாண்டும். அந்த வேகத்தை எந்த நீச்சல் வீரராலும் எதிர்த்துத் தாக்குப்பிடிக்க முடியாது. இழுப்பில் மூழ்குகிறவர்கள் பெரும்பாலும் கரையை நோக்கியே நீந்தி நீந்திச் சோர்ந்து மூழ்குகிறவர்கள். இழுப்பு ஆளை அடியில் இழுப்பதில்லை, வெளியே மட்டுமே கொண்டுபோகிறது. அதனால் முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஒரு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, அலை உடையும் வெள்ளை நுரைப் பக்கம் நீந்தி, அங்கிருந்து அலையோடு கரைக்கு வரலாம். ஒரு பக்கம் நகர முடியவில்லை என்றால் மறுபக்கம் முயல வேண்டும். பல இழுப்புகள் வட்டமாகச் சுற்றித் தாமே ஆளை ஆழம் குறைந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு.

இழுப்பில் சிக்கியவரைக் காப்பாற்ற வெறுங்கையோடு குதிப்பவரும் மூழ்குவது திரும்பத் திரும்ப நடக்கிறது. பந்து, மூடி இறுக்கிய காலி கேன், ஐஸ்பெட்டியின் மூடி என மிதக்கும் எதையாவது முதலில் எறியுங்கள்.

முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்ப்பது போதாது. இரண்டு அலைகளுக்கு இடையிலான நேரத்தையும் பாருங்கள். 1 மீட்டர் உயரமுள்ள அலை 14 விநாடிக்கு ஒருமுறை வந்தால், 8 விநாடிக்கு ஒருமுறை வரும் அதே உயர அலையைவிட ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு ஆற்றலைக் கரைக்குக் கொண்டுவருகிறது. எங்கோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலைகள் இப்படித்தான் வந்து சேரும். இங்கே வானம் தெளிந்து காற்றில்லாமல் இருக்கும், கடல் மட்டும் இழுக்கும். இன்னொன்று: முன்னறிவிப்பில் சொல்லப்படும் உயரம், எல்லா அலைகளிலும் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல இருமடங்கு வரை எழலாம்.

ஏற்றம், வற்றம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான கரைகளில் 24 மணி 50 நிமிடத்தில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஆகவே நேற்றைய நேரம் இன்று 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் 3 மீட்டர் வித்தியாசம் என்றால் முதல் மணியில் 25 சென்டிமீட்டர், இரண்டாவதில் 50, மூன்றாவது, நான்காவது மணிகளில் தலா 75 சென்டிமீட்டர் ஏறும். பாறை முனையைச் சுற்றி அடுத்த குடாவுக்கு நடந்து போனவர்கள் திரும்ப முடியாமல் சிக்குவது இந்த மூன்றாவது மணியில்தான். இழுப்பு பொதுவாக வற்றத்தில் கடுமையாகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

குளிர்ந்த கடல் உள்ள நாடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நீர் 15 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது குதித்தால், உடம்பு தன்னை மீறி வாயைத் திறந்து ஒரு பெரிய மூச்சை உள்ளிழுக்கும். தலை அப்போது நீருக்குள் இருந்தால் உள்ளே போவது நீர். அதன் பிறகும் ஓரிரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் கரையிலிருந்து சில மீட்டரிலேயே மூழ்குவதற்கு இதுவே காரணம். மெதுவாக, முகத்திலும் கழுத்திலும் நீரைத் தெளித்துக்கொண்டு இறங்குங்கள். தவறி விழுந்துவிட்டால் 60 முதல் 90 விநாடி நீந்த முயலாமல் மிதந்தபடியே இருங்கள். அந்த அதிர்ச்சி தானே அடங்கும்.

கொடிகளை ஒரு பார்வையில் படிக்கக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். சிவப்பும் மஞ்சளும் மேலும் கீழுமாக உள்ள இரண்டு கொடிகளுக்கு நடுவே உயிர்காப்பாளர் கண்காணிக்கிறார். அங்கே மட்டும் நீந்துங்கள். முழுச் சிவப்பு என்றால் கடல் ஆபத்தாக இருக்கிறது, இறங்காதீர்கள். ஊதா, கொட்டும் கடல் உயிரினங்கள் இருப்பதைக் காட்டுகிறது. கறுப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடி, அலைச்சறுக்குப் பலகைக்காரர்களின் பகுதி. ஆரஞ்சு நிறக் காற்றுப்பை ஏற்றியிருந்தால் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று அடிக்கிறது, மிதவைகள் கூடாது. கொடியே இல்லையென்றால் கடல் பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருளல்ல. பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

மூழ்குகிறவர் சத்தம் போடுவதில்லை

குடும்பமாகப் போகிறவர்கள் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. மூழ்கத் தொடங்கியவருக்குக் கத்த மூச்சு இருக்காது, கையை ஆட்டவும் முடியாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் மேலும் கீழுமாக, உடம்பு நெட்டுக்குத்தாக நிற்கும். ஏணியில் ஏறுவதுபோலத் தெரியலாம். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். சத்தம் போட்டு விளையாடிய குழந்தை திடீரென்று அமைதியானால் அப்போதே இறங்கிப் பிடியுங்கள்.

பத்துப் பெரியவர்கள் இருக்கும் கூட்டத்தில்தான் குழந்தை கவனிக்கப்படாமல் போகும், ஏனென்றால் ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். 15 நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். முறை ஏற்றவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது, பேச்சில் கலந்துகொள்ளக் கூடாது. கழுத்தில் ஒரு விசிலையோ தொப்பியையோ அடையாளமாக மாட்டி, அடுத்தவர் கழுத்துக்கு மாற்றும்போது வாயால் ‘இனி நீங்கள்’ என்று சொல்லி மாற்ற வேண்டும். நீந்தத் தெரியாத குழந்தைக்கு, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் பெரியவர் நீரிலேயே நிற்க வேண்டும். குழந்தைக்கு நீச்சலுடை வாங்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு, இளஞ்சிவப்பு நிறம் வாங்குங்கள். வெளிர்நீலமும் வெள்ளையும் நீருக்குள் போனதும் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும்.

மணலிலும் கவனம் வேண்டும். குழந்தைகள் குழி தோண்டினால், அங்கே இருப்பவர்களில் மிகச் சிறிய குழந்தையின் முழங்காலுக்கு மேல் ஆழம் போக விடாதீர்கள். ஈரம் காய்ந்ததும் பக்கச் சுவர் முன்னறிவிப்பில்லாமல் சரியும், மணலின் எடையில் மார்பு விரியாது. கிளம்பும்போது குழியை மூடிவிட்டுப் போங்கள்.

ஜெல்லி மீன், அதாவது சொறி, தீண்டினால் கடல்நீரில் மட்டும் கழுவுங்கள். நல்ல நீர் ஊற்றினால் தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத கொட்டணுக்களும் வெடிக்கும். தேய்ப்பதும் சிறுநீர் ஊற்றுவதும் வலியைக் கூட்டவே செய்யும். ஒட்டியிருக்கும் இழைகளைச் சாமணத்தால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூடுள்ள நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், 20 நிமிடமாவது தீண்டிய இடத்தை வைத்திருங்கள். காடி ஊற்றுவது எல்லா வகைக்கும் பொருந்தாது என்பதால் உயிர்காப்பாளர் சொல்லும் முறையைப் பின்பற்றுங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம், மார்புவலி வந்தால் உடனே மருத்துவமனை. நீலக் காற்றுப்பைபோலக் கரை ஒதுங்கிக் கிடப்பவை செத்திருந்தாலும் கொட்டும். குழந்தைகள் கையில் எடுக்க ஆசைப்படுவார்கள்.

உணவும் நீரும்

சமைத்த உணவு, பால், முட்டை, இறைச்சி எதுவும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. காற்று 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஐஸ்பெட்டியில் உணவு ஒரு பங்கு, ஐஸ் இரண்டு பங்கு என்ற கணக்கு நாள் முழுதும் தாங்கும். தண்ணீர்க் குப்பிகளை முந்தைய இரவே உறையவைத்து ஐஸுக்குப் பதிலாக அடுக்கினால், உருகிய பிறகு குடிக்கவும் ஆகும். பானத்துக்குத் தனிப் பெட்டி வையுங்கள். பானப் பெட்டியைத்தான் நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பார்கள். உணவும் அதிலேயே இருந்தால் நண்பகலுக்குள் குளிர் போய்விடும்.

வெப்பத்துக்குப் பழக உடம்புக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். ஆண்டின் முதல் கடும் வெயில் நாளில் நடக்கும் ஓட்டப் போட்டியிலும் திடல் நிகழ்ச்சியிலும் ஆட்கள் மயங்கி விழுவதற்கு அதுவே காரணம். வெயிலில் நடமாடும்போது 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை, அதாவது 200–250 மி.லி., குடித்துக்கொண்டே இருங்கள். தாகம் எடுத்த பிறகு ஒரு லிட்டரை ஒரே மூச்சில் குடிப்பது உதவாது. வியர்வை அதிகம் போனவருக்கு ஒரு லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொடுக்கலாம். தலைசுற்றலும் குமட்டலும் இருந்து பேச்சு தெளிவாக இருந்தால் நிழலும் நீரும் ஓய்வும் போதும். பேச்சு குழறினாலோ ஆள் குழம்பினாலோ அது வெப்பத்தாக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

வெளியே 27 டிகிரி இருக்கும்போது மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 37-ஐத் தொடும், அரை மணியில் 45-ஐ ஒட்டிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. தூங்கும் குழந்தையை ‘ஒரு நிமிடம்தானே’ என்று விட்டுப் போகாதீர்கள்.

மாலையில் நகரத்து நிகழ்ச்சி

கடலிலிருந்து நேராகத் திடலுக்குப் போனால் பாதியில் கண் சொக்கும். நடுவில் இரண்டு மணி நேரம் குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒதுக்குங்கள். ஓட்டுநருக்கு அது கட்டாயம்.

பெருங்கூட்டத்தில் செல்போன் வலையமைப்பு திணறும். உள்ளே நுழையும் முன்பே, பிரிந்துவிட்டால் எங்கே கூடுவது என்று ஓர் இடத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள். மேடையோ நுழைவாயிலோ வேண்டாம், அங்கேதான் நெரிசல். குழந்தையின் முன்கையில் உங்கள் எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். வந்த வழியைத் தவிர இன்னும் இரண்டு வெளியேறும் வழிகளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தாண்டினால் கூட்டம் ஆட்களின் விருப்பப்படி நகராது, நீர்போலத் தள்ளும். அக்கம்பக்கத்தவரின் உடம்பு இருபுறமும் விடாமல் உரசினால் அதுவே அடையாளம், அப்போதே ஓரத்துக்கு நகருங்கள். சிக்கிக்கொண்டால் குத்துச்சண்டைக்காரர்போலக் கைகளை மார்புக்கு முன் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளல் ஓயும் நொடிகளில் சாய்வாக வெளியே நகருங்கள். விழுந்த செருப்பையோ செல்போனையோ எடுக்கக் குனியாதீர்கள்.

ஒலிபெருக்கிக்கு எதிரே நிற்பதும் நல்லதல்ல. 85 டெசிபெலில் காது எட்டு மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். நுரை காதடைப்பான் மலிவான பொருள். அதை உருட்டி மெலிதாக்கி, காதை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, விரியும்வரை விரலால் பிடித்திருந்தால்தான் வேலை செய்யும். குழந்தைகளுக்குக் காதை மூடும் பெரிய உறை வாங்குங்கள்.

கடல்காற்று உள்நாட்டுக்குள் நகரும் விளிம்பில் வெப்பக் காற்று மேலெழுந்து மாலை இடிமழையாக மாறுவது கோடைத் தொடக்கத்தில் அடிக்கடி நடக்கும். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழை தெருவின் அழுக்கை எல்லாம் வடிகால் வழியே கடலில் சேர்க்கும். அதனால் மறுநாளும் கடலுக்குப் போவதாக இருந்தால் வடிகால் வாய்களின் அருகே மூன்று நாளுக்கு நீந்தாதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே கட்டடத்துக்குள்ளோ மேற்கூரையுள்ள காருக்குள்ளோ போய்விடுங்கள். பந்தலும் குடையும் மரமும் மின்னலுக்குப் பாதுகாப்பு ஆகாது. கடைசி இடி கேட்டதிலிருந்து 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். நடுவில் இன்னொரு இடி கேட்டால் அந்த 30 நிமிடத்தை முதலிலிருந்து எண்ணுங்கள்.